பன்னிரண்டாவது படம்

சென்ற பொங்கல் விழாவின்போது சங்கக் கூடத்தின் பக்கச் சுவரில் உறுப்பினர்கள் எடுத்த நிழற்படங்கள் மாட்டப்பட்டிருந்ததை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். பயணம், இயற்கை, அன்றாடம் என மூன்று தலைப்புகளின் கீழ் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் ஏந்தியபடி கடந்து சென்றோர், "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி நகர்ந்தனர். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. கவியரங்கில் பாடும் அன்பரிடம் எதுகை தட்டுகிறது என்று கூறத் தயங்கமாட்டோம். நாடகம் போடுவோரிடம் வசனம் நீள்கிறது என்று குறைபட்டுக்கொள்வோம். படத்தை மட்டும் திறனாய்வுக்கு அப்பாற்பட்ட பொருளாக ஏன் கருதவேண்டும்? எடுத்தவர் நண்பர் என்பதாலா? அல்லது, படம் என்பது காமிரா செய்யும் வேலை, மனிதர் செய்யும் வேலையன்று என்ற எண்ணத்தாலா?

இக்கட்டுரை அந்தச் சுவரில் இருந்த படங்களைப் பற்றியது. யாருடைய பெயரையும் நாம் குறிப்பிடப்போவதில்லை. குறை கூறும் இடங்களில், அக்குறை எம் வீட்டு ஆல்பத்திலும் உண்டு என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்வார்களாக.

தொழிலாக அன்றி விருப்பத்தால் ஒன்றைச் செய்பவரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்கின்றனர். 'நேசிப்பவர்' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. நாளடைவில் அரைகுறை என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆயின் நிழற்படக் கலையின் வரலாறு அந்த இழிபொருளை ஏற்பதாயில்லை. 1839-ல் பாரிஸ் நகரில் டாகேரின் முறை வெளியிடப்பட்டு, இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே நம் நாட்டில் ஆர்வலர் சங்கங்கள் தோன்றிவிட்டன. 1854-ல் பம்பாயிலும், அதன்பின் கல்கத்தாவிலும் சென்னையிலும் அவை எழுந்தன. நம்மைப் போன்ற அரசு ஊழியருக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. இந்தூரில் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் பணிபுரிந்த ஒருவர், 1874-ஆம் ஆண்டளவில் அலுவல் நேரம் போக மீந்த பொழுதில் படம் பிடிக்கத் தொடங்கினார். அவரே பிற்காலத்தில் ஐதராபாத் நிஜாமின் அரசவைப் படக்கலைஞராக விளங்கிய ராஜா தீன் தயாள். கோப்புகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவருக்கும் கண் உண்டு என்பதற்கு அவர் சான்று.

இனி, எந்த அளவுகோலால் நாம் படங்களை அளப்பது? ஒளி, கூர்மை, அமைப்பு ஆகியவற்றைப் பற்றிக் காமிராக் கையேடுகள் நிறையவே பேசுகின்றன. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம்மிடம் வேறோர் அளவுகோல் இருக்கிறது. அகப்பாட்டின் உறுப்புகளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் அதனோடு இயைந்த உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்து செல்வன என்பதும் அவர் கருத்து.

பாட்டிற்கு வகுத்த இலக்கணத்தைப் படத்தின்மேல் ஏற்றலாமா என அன்பர்கள் வினவக்கூடும். ஏற்றிப் பார்த்தால் பயன் உண்டு என்பதே நம் விடை. புலவன் நிலத்தையும் பொழுதையும் சொல்லால் படைக்கவேண்டும். காமிராவோ அவற்றை உழைப்பின்றியே தந்துவிடுகிறது. ஆகவே முதற்பொருள் மட்டும் அமைந்த படத்தில் எடுத்தவரின் பங்கு சிறிதே. கருப்பொருளைக் காண நின்று நோக்கும் கண் வேண்டும். உரிப்பொருள் அமையவோ, அந்த இடத்து மனிதரோடு நமக்கு ஏதேனும் உறவு வேண்டும்.

இந்த அளவுகோலோடு பயணப் படங்களின் அருகே செல்வோம். இருபத்தைந்து படங்களில் பதினெட்டில் குடும்பம் நடுவே நிற்கிறது. பின்னால் தாஜ்மகாலோ, குதுப்மினாரோ, அரித்துவாரத்துக் கங்கையோ நிற்கிறது. நால்வரும் கைகளைத் தொங்கவிட்டுக் கண்களைச் சுருக்கிக்கொண்டிருக்கின்றனர். கண் சுருங்குவதற்குக் காரணம் உண்டு. கதிரவன் படம் எடுப்பவரின் முதுகுப்புறம் இருக்கவேண்டும் என்பது பழைய விதி. பிலிம்கள் ஒளியை மெதுவாக ஏற்ற காலத்தில், எளிய வில்லை பொருத்திய பெட்டிக் காமிராக்களுக்கு அவ்விதி இன்றியமையாததாக இருந்தது. அத்தேவை நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்தும் வழக்கம் நீங்கவில்லை. நம் தாத்தாவின் காமிராவிற்காக நம் பிள்ளைகள் இன்றும் வெயிலில் கண்ணைச் சுருக்குகிறார்கள்!

வேறொரு படத்தில் இளைஞர் ஒருவர் தாஜ்மகாலின் உச்சியை இரு விரல்களால் பிடித்துத் தூக்குகிறார். முதன்முதலில் அதை எண்ணியவர் சிரித்திருப்பார். இன்று அது பல்லாயிரம் பேர் கூறிய விடுகதை. தாஜ்மகாலை அந்த இளைஞர் கண்டாரா என்பதே நம் ஐயம். அதற்கு அவர் முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நிற்கிறார்?

இவற்றினும் பெரிய குறை ஒன்று, அச்சுவரில் இல்லாத படத்தால் நமக்குப் புலப்பட்டது. நாம் வாழ்வில் மிகுதியாகச் செய்த பயணம் எது? எல்.டி.சி. பெற்றுக் காஷ்மீருக்கு ஒருமுறை சென்றிருப்போம். அந்தமானுக்கு ஒருமுறை சென்றிருப்போம். ஆனால் புதுதில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரை ஆண்டுதோறும் கடந்திருக்கிறோம். சம்பல் பள்ளத்தாக்கின் மண்மேடுகள், நருமதைப் பாலத்தில் நாணயம் எறியும் கைகள், நாகபுரி நடைமேடையில் ஆரஞ்சுக் கூடைகள், விதர்ப்பத்தின் கரிசல், கோதாவரி, கிருஷ்ணை, நிலையப் பெயர்ப் பலகையில் தேவநாகரி தெலுங்காகித் தெலுங்கு தமிழாகும் அந்த விடியற்பொழுது, இவற்றுள் ஒன்றுகூட அச்சுவரில் இல்லை. இரண்டாம் நாள் புளித்த தயிர்சாதத்தை எதிர் இருக்கைக்காரரோடு பகிர்ந்துகொண்ட காட்சியும் இல்லை. போய்ச் சேரும் இடமே பயணம் என்றும், இடைப்பட்டது வெறும் காத்திருப்பு என்றும் நாம் எண்ணிவிட்டோம். புலம்பெயர்ந்தோரின் வாழ்க்கை முழுவதும் அந்த இடைவெளியில்தானே இருக்கிறது?

அடுத்து, இயற்கைப் படங்கள். இங்கு வண்ணத்திற்குக் குறைவில்லை, குறையெல்லாம் பொறுமையில்தான். இத்துறையில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறுதிவரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். எழுத்தும் படமுமே அவருக்குப் பிழைப்பாதலால் அமெச்சூர் என்ற சொல் வரவு செலவுக் கணக்கின்படி அவருக்குப் பொருந்தாது. ஆனால் நேசிப்பவர் என்ற மூலப்பொருளில் அவரினும் பொருத்தமானவர் இலர்.

அவருடைய காமிரா கடையில் வாங்கியபடியே இருந்ததன்று. ஒரு கருவியின் உடலையும் இன்னொன்றின் வில்லையையும் தம் தேவைக்கேற்ப இணைத்துத் தாமே அமைத்துக்கொண்டது. கருப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். காட்டு யானைக் கூட்டத்தை அணுகிப் படம் பிடிக்க, பழக்கிய யானையின் மேல் அமர்ந்து சென்றார். அவர் படத்தில் யானை மட்டும் நிற்பதில்லை. அது தின்னும் புல், அது உரசிய மரம், அதன் பக்கத்தில் நிற்கும் கன்று, கன்றின் மேல் விழும் நிழல் ஆகிய அனைத்தும் நிற்கும். கருப்பொருள் எனத் தொல்காப்பியர் கூறியதை நாம் அங்கே காண்கிறோம். இன்னொன்றையும் கூறவேண்டும். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு அவர் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். எளிதிற் கிடைப்பது மலிவானது என்ற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை.

நம் சுவருக்குத் திரும்புவோம். நடுவே பெரிதாக மாட்டப்பட்டிருந்தது ஒரு தேன்சிட்டின் கூடு. குஞ்சுகளின் திறந்த வாயும், ஊட்ட வந்த தாயின் அலகும் மிகக் கூர்மையாக விழுந்திருந்தன. பலரும் அதன்முன் நின்று பாராட்டினர். நாமும் நின்றோம், பிறகு கூட்டைச் சுற்றி ஓர் இலைகூட இல்லாததைக் கவனித்தோம். கிளை நுனியில் இலை கிள்ளிய வடு புதிதாக வெள்ளையாய்த் தெரிந்தது. காக்கையின் கண்ணிலிருந்தும் நண்பகல் வெயிலிலிருந்தும் அக்குஞ்சுகளைக் காத்துவந்தவை அந்த இலைகளே. படத்திற்குத் தடை என்று அவை அகற்றப்பட்டிருக்கின்றன. அழகிய படம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதை நல்ல படம் என்று நாம் சொல்லமாட்டோம். எதைக் காட்டுவதாகச் சொல்கிறதோ அதையே கெடுத்துவிட்டு வந்த படம் அது. கூட்டைத் தொலைவிலிருந்தே பார்க்கவேண்டும், அருகே சென்று எடுப்பதைத் தவிர்க்கவேண்டும் என்று பறவை ஆர்வலர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. எடுத்த அன்பர் அறியாமல் செய்திருக்கலாம். அறிந்தபின் அப்படத்தை அடுத்த ஆண்டு மாட்டமாட்டார் என நம்புகிறோம்.

அதனருகே 'முதுமை' என்ற தலைப்பில் ராஜஸ்தானத்து முதியவர் ஒருவரின் முகம். சுருக்கங்கள் ஒவ்வொன்றும் உழவுச்சால்போல் தெரிகின்றன. போட்டிகளில் பரிசு பெறும் வகை இது. மாலைச் சூரியன் முன்னே படகு, புழுதி கிளப்பும் மாட்டு வண்டி ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த முதியவரின் பெயர் என்ன, எவ்வூரார், படம் எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு சொல்லாவது பேசினோமா? தலைப்பு இவற்றுள் எதையும் கூறவில்லை. ஒரு மனிதரை ஒரு பண்புப்பெயராக மாற்றிவிட்டது. நம் தந்தையாரின் முகத்தை யாரோ ஒருவர் 'வறுமை' எனத் தலைப்பிட்டு மாட்டினால் நாம் பொறுத்திருப்போமா?

மூன்றாம் தலைப்பாகிய அன்றாடத்தின் கீழ் இருந்தவை எட்டே படங்கள். கழிப்பறைக்குச் செல்லும் வழியில், விளக்கு எட்டாத மூலையில் அவை தொங்கின. ஆயினும் அச்சுவரின் மிகச் சிறந்த படத்தை நாம் அங்கேதான் கண்டோம். பள்ளி மாணவி ஒருத்தி எடுத்தது. சன்னலில் பொருத்திய பழைய கூலர். அதன் பக்கத் தட்டியைக் கழற்றியிருக்கிறார்கள். உள்ளே, சென்ற ஆண்டின் காய்ந்த புல்மெத்தையின் மேல் ஒரு புறா அடைகாக்கிறது. படம் சற்றே கலங்கியிருக்கிறது. ஒரு மூலையில் விரலின் நிழலும் விழுந்திருக்கிறது. கீழே அவள் எழுதியிருந்த குறிப்பு இவ்வளவே: முட்டை கண்ட நாள் மார்ச் 9, குஞ்சுகள் பறக்கும்வரை கூலர் போடுவதில்லை என்று வீட்டில் முடிவு.

இக்குறிப்பைப் படித்துவிட்டுப் படத்தை மீண்டும் நோக்குங்கள். புறா ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கும்; குஞ்சு சிறகு முற்றிப் பறக்க மேலும் ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். அப்படியானால் ஏப்ரல் இறுதிவரை, தில்லியின் அனல்காற்று வீசத் தொடங்கிய பின்னும், ஒரு குடும்பம் ஒரு பறவைக்காக வியர்த்திருக்கிறது. நிலமும் பொழுதும் அங்கே உண்டு. பறவையும் கூலரும் உண்டு. படத்தில் மனிதர் ஒருவரும் இல்லாதபோதும் அக்குடும்பத்தின் உள்ளம் உண்டு. உரிப்பொருள் அமைந்த படம் என்று நாம் கூறுவது இதனையே.

பிரான்சு நாட்டில் லார்த்திக் என்றொரு செல்வர் வீட்டுச் சிறுவன் இருந்தான். 1894-ல் பிறந்தவன். ஏழெட்டு வயதில் தந்தை தந்த காமிராவைக் கொண்டு தன் வீட்டையே படம் பிடித்தான். படிக்கட்டிலிருந்து அந்தரத்தில் பாயும் உறவுப்பெண், தோட்டத்தில் அண்ணன் பறக்கவிட முயன்ற விமானம், தூசி பறக்க ஓடும் மோட்டார் வண்டி என அவன் எடுத்த படங்கள் ஆல்பங்களில் உறங்கின. 1963-ல், அவருக்கு அறுபத்தொன்பது வயதானபோது, நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. ஒரு காலத்தின் மகிழ்ச்சியையே அதில் உலகம் கண்டது. அச்சிறுவன் தொலைதூரம் சென்று தேடியவை அல்ல அவை; காலை எழுந்ததும் கண்ணெதிரே நடந்தவை. வியப்பு வீட்டில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்போது எம் வீட்டு ஆல்பத்தைப் பற்றிக் கூறவேண்டும். எம் தந்தையார் எழுபதுகளில் இளநிலை எழுத்தராகத் தலைநகருக்கு வந்தவர். வடோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் காமிரா ஒன்றை அலுவலக நண்பரிடமிருந்து பழையதாக வாங்கினார். வெயில், மேகம் எனச் சில குறிகளே அதில் உண்டு. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். உதகையில் பொதுத்துறை ஆலை செய்த 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருளையே பெரும்பாலும் வாங்குவார். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. பன்னிரண்டையும் எண்ணி எண்ணிச் செலவிடுவார். ஆக்ரா, மதுரா, சிம்லா, காசி என்று எல்லாம் வெளியூரிலேயே முடியும். வீட்டைப் படம் எடுப்பது காசைக் கரியாக்குவது என்பது அவர் கொள்கை.

ஆயினும் ஒரே ஒரு முறை அக்கொள்கை தவறியது. 1986-ல் ஆக்ராவிலிருந்து திரும்பியபோது சுருளில் ஒரு படம் மீந்தது. அது முடிந்தால்தான் கடையில் கழுவக் கொடுக்கலாம். ஞாயிறு நண்பகல் பின்முற்றத்தில் வந்து நின்று, எதையும் குறிபாராமல் ஒரு தட்டுத் தட்டினார். எம் ஆல்பத்தின் எழுபத்தொரு படங்களில் வீடு தெரிவது அது ஒன்றே.

அப்படத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் பழைய வேட்டி. வேட்டியில் பிழிந்த வடாம். எம் தாயார் காக்கையை ஓட்டக் கருப்புக் குடையின் காம்பை ஓங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி தம் மாங்காய்த் துண்டுகளையும் அதே கட்டிலின் மறுபாதியில் உலர்த்திவிட்டு, வேப்பமர நிழலில் அமர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். எம் தாயாருக்கு அப்போது இந்தி பத்துச் சொல்லும் தெரியாது. அப்பெண்மணிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒரே கட்டிலை இருவரும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றனர். படத்தின் பின்புறத்தில் தந்தையாரின் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: 'ரோல் முடிக்க'. மற்ற எழுபதின் பின்னும் ஊர், நாள், அங்கிருந்தோர் பெயர் எல்லாம் ஒழுங்காக எழுதியவர் இதில் எதையும் எழுதவில்லை. எழுதத் தக்கதாக அவருக்குத் தோன்றவில்லை.

அக்குடியிருப்பு இன்றில்லை. தெற்கு தில்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்தில் அதுவும் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் 2018-ல் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றதும், உயர்நீதிமன்றம் தடை விதித்ததும் அன்பர்கள் அறிந்ததே. எம் வேப்பமரம் அதற்கு முன்னரே விழுந்துவிட்டது. அம்மரத்திற்கு எஞ்சிய உருவம், தந்தையார் வீணென்று கருதிய அந்தப் பன்னிரண்டாவது படத்தின் இடது ஓரம் மட்டுமே.

தந்தையார் மறைந்தபின் ஒருநாள் அப்படத்தைத் தாயாரிடம் காட்டி, அப்பெண்மணியின் பெயரைக் கேட்டோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பப்லு அம்மான்னுதான் கூப்பிடுவேன். எட்டு வருஷம் அடுத்தடுத்த வீடு. அவளுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்குமே, கேக்காமலே இருந்துட்டேனே" என்றார். ராஜஸ்தானத்து முதியவரின் படத்தை எடுத்த அன்பரைச் சற்று முன்னர் கடிந்துகொண்டோமே, அக்குற்றம் எம் வீட்டிலும் இருப்பதை அன்று உணர்ந்தோம்.

இன்று கைபேசி வந்துவிட்டது. சுருளை எண்ணவேண்டிய கவலை இல்லை. ஆகவே இக்குறை தானே நீங்கிவிடும் என்று சிலர் கூறக்கூடும். நமக்கு அந்நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு படங்களில் ஒன்றை வீட்டிற்குத் தராதவர்கள் பன்னிரண்டாயிரத்திலும் தருவதில்லை. தந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலும், கைபேசிப் படத்திற்குப் பின்புறம் இல்லை. அங்கே பெயர் எழுத இடமும் இல்லை. தந்தையாரின் எழுபது படங்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று இன்றும் எம்மால் சொல்ல முடிகிறது. சென்ற ஆண்டு நாமே எடுத்த படங்களில் பாதிக்கு ஊர்ப்பெயரும் நினைவில் இல்லை.

ஆகவே அன்பர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. அடுத்த பொங்கலுக்குப் படம் கொணர்வோர், சென்ற இடத்தை விட்டு, இருந்த இடத்தையும் கடந்த வழியையும் எடுத்து வாருங்கள். கூட்டின் இலையைக் கிள்ளாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், நாள், அதிலுள்ளோர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் எடுக்குமுன் கேளுங்கள். அன்றாடம் என்ற தலைப்பை விளக்குள்ள சுவருக்கு மாற்றுமாறு விழாக் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறோம்.

நாமும் அந்தப் பன்னிரண்டாவது படத்தைப் பெரிதாக்கி மாட்டவிருக்கிறோம். இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் எண்பதுகளில் அவ்வரிசையில் வாழ்ந்தவர்கள் இருக்கக்கூடும். கட்டிலின் அருகே அமர்ந்து சிரிக்கும் அந்தப் பெண்மணியை அறிந்தவர் எவரேனும் இருந்தால், அருள்கூர்ந்து அவர் பெயரை எமக்குத் தெரிவியுங்கள். தாயாரின் பெயருக்குப் பக்கத்தில் அதற்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறோம்.